கண் முன்னால் அடைத்த மெத்தை

தேனியில் நடந்த கைவினைப் பயிற்சிக் கூட்டத்தில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு இருமல் வந்துவிடும். வாழ்நாளில் பாதியை இலவம் பஞ்சோடு கழித்தவளுக்கு நெஞ்சு வேறு எப்படி இருக்கும்? எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்துவிட்டேன். வாழைநாரில் கூடை பின்னுகிறவர்களே, ஏலக்காய் மாலை கோக்கிறவர்களே, வீட்டு மாடியில் தையல் மெஷினைப் போட்டுவிட்டு "ஓன் பிசினஸ்" என்று சொல்லிக்கொள்கிற பிள்ளைகளே, இது உங்களுக்காகத்தான்.

உறை எப்படித் தைப்பது, பஞ்சை எப்படி அடிப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு ஏகப்பட்ட வீடியோ இருக்கிறது. விலை வைப்பது, லேபிள் ஒட்டுவது, போன் கேமராவில் அழகாகப் படம் பிடிப்பது எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். உங்களில் பாதிப் பேர் பாடம் எடுத்த அதிகாரிக்கே சொல்லிக் கொடுக்கிற ஆட்கள். நான் சொல்ல வருவது வேறு. உங்கள் கடை வாசலில் ஒருவர் முகம் மாறி நிற்பார். அடுத்த நிமிடம் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதில்தான் தொழில் நிற்கும், அல்லது விழும். அதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டினார். மலையடிவாரத் தோட்டங்களில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் காலத்தில் நான் வீட்டில் தலையணை அடைத்துக் கொடுப்பேன். அவர் அதை ஜீப்பின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போவார். மலையேறும்போது பயணிகள் அதில் சாய்ந்து தூங்குவார்கள், இறங்கும்போது "இது எங்க வாங்குனீங்க" என்று கேட்பார்கள். அதற்கு மிஞ்சின விளம்பரம் இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை. இப்படித்தான் கடை வந்தது. என் வீட்டுக்காரரின் தங்கை பிலோமினாவும் நானும் சேர்ந்து நடத்தினோம்.

தொடக்கத்தில் பஞ்சைத் திணிதிணி என்று திணித்துவிடுவேன். நிறையப் போட்டால் வாங்குகிறவருக்குத் திருப்தி என்று எண்ணம். குமுளியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் என் தலையணையை வாங்கிப் போய், மறுவாரமே திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே பேசினார். "தலகாணி விக்கிறவ வர்ற ஆளோட கழுத்தப் பாக்கணும்மா. நீ மூட்டையவே பாத்துக்கிட்டு இருக்க" என்றார். அன்றிலிருந்து, மல்லாந்து படுப்பீர்களா, ஒருக்களித்துப் படுப்பீர்களா என்று கேட்காமல் நான் ஊசியை எடுத்ததில்லை. முதலில் வெட்கப்பட்டவர்கள்கூடப் பிறகு தாராளமாகச் சொன்னார்கள். சிலர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்கள்.

ஆனால் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று எங்கள் தொழிலில் உண்டு. பழைய மெத்தையைக் கொண்டுவந்து, பஞ்சை அடித்துப் புதிதாக அடைத்துத் தரச் சொல்வார்கள். காய்ந்து கட்டிபட்ட பஞ்சை வெயிலில் போட்டு அடித்து, கொஞ்சம் புதுப் பஞ்சும் சேர்த்தால் மெத்தை மறுபடி எழுந்துவிடும். அப்படி வருகிற மெத்தையில் யார் படுத்திருந்தார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் கேதம் நடந்த வீட்டில், செத்தவர் படுத்த பாயோ மெத்தையோ வீட்டுக்குள் இருக்காது. இந்து வீடு, எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்கார வீடு என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. எல்லாரும் ஓடைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் கடைக்கு வருவதெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் மெத்தை என்று எல்லாரும் நம்பிக்கொண்டோம். வியாபாரத்துக்கு அந்த நம்பிக்கை வசதியாகவும் இருந்தது.

ஒரு வைகாசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு டீச்சர் ஆட்டோவில் வந்தாள். செல்வி என்று பெயர். கல்யாணம் செய்துகொள்ளாமல் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். ஆட்டோவிலிருந்து ஒரு மெத்தையை இறக்கினாள். நீலத் துணி, ஒரு மூலையில் சிவப்பு ஒட்டு. மேலே பழைய சேலையால் சுற்றியிருந்தாள். கேட்காததை அவளே சொன்னாள்.

"அம்மா தவறிட்டாக. அவுக படுத்த மெத்தைக்கா இது. தூக்கிப் போடச் சொல்லி அண்ணன் சத்தம் போடுறாரு. எனக்கு மனசு வரல. இதுல இருந்து ரெண்டு தலகாணி மட்டும் செஞ்சு தருவீகளா?"

பிலோமினா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வேணாம் மதினி. வெளிய தெரிஞ்சா இனிமே ஒருத்தரும் நம்ம கடைவாசல மிதிக்க மாட்டாக" என்றாள். அவள் சொன்னது முழுக்க நியாயம். கல்யாணச் சீருக்கு மெத்தை தலையணை செய்து கொடுப்பதுதான் எங்களுக்கு முக்கால்வாசிப் பிழைப்பு. புதுப்பெண் படுக்கப் போகிற மெத்தை தைக்கிற இடத்தில் சாவு வீட்டு மெத்தை கிடக்கிறது என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும், கடையைப் பூட்டிச் சாவியைத் தொங்கவிட வேண்டியதுதான்.

வெளியே அந்தப் பெண் மெத்தையின் மேல் கையை வைத்தபடி நின்றாள், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதுபோல. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறவள் இப்படி நிற்க வேண்டுமா என்று தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டேன். பின்பக்க அறையில் தனியாக வைத்து, கல்யாண வேலை எல்லாம் முடிந்த பிறகு பிரிப்பதாக ஏற்பாடு. பிலோமினா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரம் எங்கள் கையில் இருந்தது பேச்சியம்மாள் வீட்டுக் கல்யாண மெத்தை. பேச்சியம்மாள் கூடலூரில் தோட்டமுள்ள சம்சாரி வீட்டுப் பெண்மணி. வாய் பெரிது, சொந்தம் அதைவிடப் பெரிது. மகளை மலைக்கு மேலே, மலையாளம் பேசும் கட்டப்பனைப் பக்கம் கொடுக்கிறார். மெத்தை மட்டும் நம்ம ஊர்ப் பஞ்சில்தான் போக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அடம் பிடித்துச் சம்மதம் வாங்கிய சீர் அது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில் மெத்தை தைத்து முடிந்து, சிவப்புப் பூப்போட்ட உறையோடு நடு அறையில் ராஜா மாதிரி கிடந்தது.

அதைப் பார்க்க அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அன்றைக்கென்று நல்ல வெயில். பின்னறை மெத்தையில் ஈர வாடை அடிக்கிறதே என்று நான்தான் அதைத் தூக்கிப் பக்கவாட்டுச் சுவரில் காயப்போட்டிருந்தேன். பேச்சியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது அது கண்ணில் பட்டுவிட்டது. நீலத் துணியையும் சிவப்பு ஒட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது அந்த டீச்சரு வீட்டு மெத்தையில்ல? கேதத்துக்குப் போனப்ப நான் பாத்தேனே."

பிலோமினா முந்திக்கொண்டாள். அதே மாதிரித் துணி, இது வேறு ஆளுடையது என்றாள். நல்ல பிள்ளை, கடையைக் காப்பாற்றப் பார்த்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். பேச்சியம்மாளுக்கும் நம்பத்தான் ஆசை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டே நாளில் கல்யாணம் வைத்திருக்கிறவருக்கு வேறு என்ன ஆசை இருக்கும்? ஆனால் ஒட்டுப்போட்ட துணியை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். இப்போது தலையாட்டிவிட்டு, நாளைக்கு அந்த டீச்சரிடமே கேட்டுவிட்டால்? பொய்யைத் தாங்க வேண்டியவள் அவளும்தான். அவளையும் சேர்த்து மாட்டிவிட எனக்கு என்ன உரிமை?

ஆமாம், அந்த மெத்தைதான் என்றேன். கல்யாணப் பஞ்சு இதன் பக்கமே வரவில்லை, இது பின்னறையை விட்டு இன்றைக்குத்தான் வெளியே வந்தது என்றும் சொன்னேன்.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார். தேனியில் ஒரு ஸ்பான்ச் மெத்தை எடுத்துக்கொள்வதாகவும், வண்டி அனுப்ப வேண்டாம் என்றும் மெல்லச் சொன்னார். பிலோமினாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாதா கோயிலுக்கு வந்து மெழுகுவர்த்தி மேல் சத்தியம் செய்கிறேன் என்றாள். பேச்சியம்மாள் கோபமே இல்லாமல் அவளைப் பார்த்தார்.

"ஒஞ்சத்தியத்து மேலயா எம்மக படுக்கப் போறா? பஞ்சுலதானத்தா படுக்கணும்."

யோசித்துப் பாருங்கள், தைத்து மூடிய மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று தைத்தவளுக்கு மட்டும்தான் தெரியும். ஊர் இத்தனை நாளும் என்னை நம்பித்தான் படுத்தது. அந்த நம்பிக்கை ஒருமுறை கீறிவிட்டால் என் வாயால் அதை ஒட்ட வைக்க முடியாது.

கத்தரிக்கோலை எடுத்தேன். கல்யாண மெத்தையைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே கிழியாகக் கிழித்தேன். பிலோமினா "மதினி" என்று சொன்னதோடு நின்றுவிட்டாள். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிடாதீர்கள். பாதிக்குமேல் கோபம்தான். என்மேல் கோபம், அந்தச் சுவர்மேல் கோபம், பேச்சியம்மாள் சொன்னது நியாயமாக இருந்ததில் அதைவிடக் கோபம். பஞ்சு பொங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"வாங்க. உள்ள பாருங்க. இதுல மனசு ஒப்பலன்னா பிரிக்காத மூட்டை அங்கன கெடக்கு. நீங்களே பிரிங்க, நீங்களே அள்ளி அடைங்க. நான் தையல் மட்டும் போடுறேன்" என்றேன்.

அவர் செருப்பை மறுபடி கழற்றி வாசலில் விட்டார். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே வந்தார். மூட்டைகளைத் தட்டிப் பார்த்து, கட்டுப் பிரிக்காத ஒன்றைக் காட்டினார்.

உங்களுக்கு இலவம் பஞ்சின் குணம் தெரியாமல் இருக்கலாம். மூச்சு விட்டாலே பறக்கும். அடைக்கும்போது கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவோம், ஃபேனையும் நிறுத்திவிடுவோம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வைகாசிப் புழுக்கத்தில் அந்த அறை இட்லிக் கொப்பரைதான். அதற்குள் பேச்சியம்மாள் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கையாக அள்ளி, விரித்துப் பார்த்து, கொட்டை இருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு அடைத்தார். எங்களைவிட மெதுவாகவும், எங்களைவிடக் கவனமாகவும் செய்தார். மூலைகளுக்குக் கையை எப்படி விடவேண்டும் என்று மட்டும் பிலோமினா காட்டினாள்.

கதவு சாத்திய அறையில் வெகுநேரம் உட்கார்ந்தால் பேச்சு வராமல் இருக்காது. மகள் நல்ல தூக்கக்காரி என்றார். பரீட்சைக்குக்கூடத் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்புவாராம். மலையில் அந்தக் குளிரில், தெரியாத வீட்டில், பாதி புரிகிற மலையாளத்தில் அந்தப் பிள்ளை எப்படித் தூங்கும் என்பதுதான் அவருக்குப் பல நாளாகக் கவலை. நகை, பாத்திரம் எல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார், தூக்கத்தை மட்டுமாவது தான் பார்த்துக்கொள்ள நினைத்ததாகச் சொன்னார். அப்போதுதான் அவர் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார் என்று எனக்குப் புரிந்தது. சந்தேகப்பட்டு வந்தவர் இல்லை அவர். ஒருமுறை அதில் படுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

கடைசி மூலையை அடைத்துவிட்டு, அந்த நீல மெத்தையை டீச்சர் என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டார். இரண்டு தலையணை கேட்டிருக்கிறாள் என்றேன். பேச்சியம்மாள் கையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். "அவ ஒத்தையிலதான இருக்கா" என்று மட்டும் சொன்னார்.

கதவைத் திறந்தபோது மூன்று பேருக்கும் தலை, புருவம் எல்லாம் வெள்ளை. பேச்சியம்மாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கல்யாணம் முடியுமுன்ன என்னியக் கெழவியாக்கிட்டீகளே" என்று சிரித்தார். பிலோமினாவும் சிரித்தாள், அழுத முகத்தோடு. நான் ஒரே மூச்சாகத் தைத்து முடித்தேன். மறுநாள் அவர் வண்டியிலேயே மெத்தை போனது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். சொன்னார்தான். ஆனால் அவர் சொன்னது வேறு. மகளுக்கு மெத்தையைத் தன் கையாலேயே அடைத்ததாகப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்திருக்கிறார். நீல மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குள் கடைக்கு மூன்று அம்மாக்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைக்கு நாங்களே அடைக்க வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் அப்பாவும் வந்தார். மீசையில் பஞ்சோடு அவர் நின்ற கோலத்தை மகள் போனில் எடுத்துப் போட, அதைப் பார்த்து மதுரையிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாங்குகிறவர் கண் முன்னால், முடிந்தால் அவர் கையாலேயே அடைப்பது எங்கள் கடையின் வழக்கமாகிவிட்டது. ஸ்பான்ச் மெத்தைக் கடைகள் வரிசையாக வந்த பிறகும் நாங்கள் நிற்பது அதனால்தான். இதை யாரோ யோசித்துக் கண்டுபிடித்த உத்தி என்று உங்கள் பயிற்சியில் சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செல்வி டீச்சரின் தலையணைகளையும் அப்படித்தான் செய்தோம். அவளே வந்து உட்கார்ந்து அடைத்தாள். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சத்தம் போட்ட அண்ணனிடம் கொடுத்தாளாம். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பிறகு சொன்னாள்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் பொருளைப் பற்றி ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் வாயால் சமாளிக்காதீர்கள். திறந்து காட்ட முடியுமா என்று பாருங்கள். திறந்தால் கெட்டுப்போகும் என்றாலும் திறவுங்கள், மறுபடி செய்யத் தெரிந்தவர்கள்தானே நாம்? இந்த ஒரு விஷயத்தில் நம்மை மிஞ்ச எந்த ஃபேக்டரியாலும் முடியாது.

நான் கடையைப் பிலோமினாவிடமும் அவள் மருமகளிடமும் விட்டுவிட்டு ஒதுங்கிவிட்டேன். அடைக்கிற அறைக்குள் தலையை நீட்டக் கூடாது என்று தேனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முன்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயடிப்பேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஜீப்பிலிருந்து பேச்சியம்மாள் இறங்கினார். மெலிந்திருந்தார். வீட்டுக்காரர் தவறிய செய்தி எங்களுக்குத் தெரியும், நானும் போய் வந்திருந்தேன். கையில் துணிப்பை, அதற்குள் ஒரு தலையணை. நடுவில் தலை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது.

எதுவும் கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பஞ்சு காய்ந்து பொடியாகியிருந்தது. அடித்தால் பாதிதான் தேறும். வழக்கம்போலப் புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்தால் நன்றாக எழும்பும் என்று சொன்னேன்.

"வேணாம்க்கா. ஒரு பிடிகூட கலக்கக் கூடாது. சின்னதா வந்தா வரட்டும்" என்றார். பிறகு உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டு, "நானே அடைக்கிறேன். நீங்க கூட இருப்பீகளா?" என்று கேட்டார்.

பிலோமினா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அவரோடு உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன்.